குடலை உள்ளிருந்தே மூடும் கருவிகள்: ‘சோதிக்கப்பட்டது’ என்பதன் பொருள் என்ன?

வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியாகச் செலுத்தப்படும் எண்டோஸ்கோப்பிக் குழாயைக் கொண்டே பெருங்குடலின் பெரிய பாலிப்புகளையும், தொடக்க நிலைப் புற்றுக்கட்டிகள் சிலவற்றையும் அகற்றும் சிகிச்சை நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் இன்று வழக்கமாகிவிட்டது. வயிற்றில் தழும்பு இல்லை. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. இச்சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கப்படும்போது நோயாளியின் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உள்ளே வெட்டிய இடத்தை எதைக் கொண்டு மூடுவீர்கள்? கேட்க வேண்டிய கேள்வியே அது. அதற்குக் கிடைக்கும் விடையோ பல நேரங்களில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: “சோதித்து அங்கீகரிக்கப்பட்ட கருவியால் மூடுவோம்.”

அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட சோதனைகள் அடங்கியுள்ளன. ஆய்வக மேசை மீது பன்றிக் குடலில் செய்ததும் சோதனைதான். நூற்றுக்கணக்கான நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்ததும் சோதனைதான். இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தருவதில்லை. தங்களுக்கோ தங்கள் குடும்பத்தினருக்கோ இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், எந்தச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் அறிந்திருப்பது நல்லது.

மூடுவது ஏன் கடினம்?

குடற்சுவர் நான்கு அடுக்குகளால் ஆனது. உள்ளே மென்மையான உட்சவ்வு; அதன் கீழே நாரிழைகள் செறிந்த உறுதியான அடுக்கு; அதற்கு அப்பால் தசை; இறுதியாக மெல்லிய வெளிச்சவ்வு. இவற்றுள் தையலைத் தாங்கும் வலிமை உட்சவ்வுக்குக் கீழுள்ள இரண்டாம் அடுக்கில்தான் இருக்கிறது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களின் குடலில் ஆய்வு செய்து 1887இல் வெளியிட்டார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1826இல், பிரான்சின் அந்துவான் லம்பேர் வெளிச்சவ்வோடு வெளிச்சவ்வு பொருந்துமாறு தைத்தால் குடல் கசியாமல் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டியிருந்தார். இவ்விரண்டு உண்மைகளின் மீதுதான் குடல் அறுவைச் சிகிச்சை இன்றளவும் நிற்கிறது.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் மருத்துவர் குடலின் வெளிப்புறத்தைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, ஊசியை வலிமையான அடுக்கின் வழியே செலுத்த முடியும். எண்டோஸ்கோப்பியிலோ அவர் குடலின் உள்ளே இருக்கிறார். அவர் காண்பது உட்சவ்வை மட்டுமே. அதுவோ நான்கு அடுக்குகளில் வலிமை குறைந்தது. நீண்டு வளைந்த குழாயின் முனையில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியே செல்லும் கருவியைக் கொண்டு அவர் வேலை செய்ய வேண்டும்.

இன்று பயன்பாட்டில் உள்ள கருவிகள் பெரும்பாலும் மூன்று வகையின. குழாயின் துளை வழியே செல்லும் சிறிய கிளிப் முதல் வகை. இரு சிறு தாடைகளால் காயத்தின் விளிம்புகளைக் கவ்விப் பிடிக்கும் அதனால் உட்சவ்வையும் அதன் கீழுள்ள சிறிதளவு திசுவையும்தான் பற்ற முடிகிறது. இரத்தக் கசிவுக்கும், ஏறத்தாழ 1 செ.மீ.க்குக் குறைவான துளைகளுக்கும் இது பெரும்பாலும் போதும். இரண்டாவது, குழாயின் முனையில் தொப்பியைப் போல் பொருத்தப்படும் பெரிய கிளிப். காயத்தைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுத்தபின், வளைத்து வைக்கப்பட்ட நிட்டினால் உலோகப் பற்கள் பொறியைப் போல் மூடிக்கொள்கின்றன. சுவரின் முழுத் தடிமனையும் பற்றுவதும், வெளிச்சவ்வு ஒன்றோடொன்று பொருந்துமாறு திசுவை உள்நோக்கி மடிப்பதும் இதன் சிறப்பு. மூன்றாவது, குழாயின் வழியாகவே நூலைச் செலுத்தித் தைக்கும் கருவிகள். இவை அகலமான காயங்களுக்கு உதவும். ஆனால் இவற்றைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

மூடல் தோற்றால் நேர்வது என்ன என்பதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பெருங்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. அவை வயிற்றறைக்குள் கசிந்தால் வயிற்றறைச் சவ்வில் அழற்சி உண்டாகும்; சில மணி நேரங்களில் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவக்கூடும். அப்போது வயிற்றைத் திறந்து அவசர அறுவை செய்ய நேரிடும். சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகத் திறப்பும் அமைக்க வேண்டிவரும். இது அரிதாகவே நேர்கிறது. எனினும் எந்த அறுவையைத் தவிர்க்க விரும்பினோமோ அதே அறுவை, அதைவிட மோசமான சூழலில் வந்து சேரும்.

ஒரு முழு மருத்துவத் துறையே இந்தச் சிக்கலால் வேகம் குறைந்தது. 2004இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பன்றிகளில் வாய் வழியே சென்று இரைப்பையில் துளையிட்டு வயிற்றறைக்குள் நுழைந்து காட்டினர். ஹைதராபாத்தில் மருத்துவர்கள் ஜி.வி. ராவ், டி. நாகேஷ்வர் ரெட்டி ஆகியோர் அதே வழியில் மனிதருக்குக் குடல்வாலை அகற்றியது உலக மருத்துவ மாநாடுகளில் வியப்புடன் பேசப்பட்டது. தழும்பே இல்லாத அறுவையின் காலம் வந்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. ஆனால் 2006இல் அமெரிக்காவின் எண்டோஸ்கோப்பி, அறுவை மருத்துவச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட அறிக்கை, இம்முறை பரவலாவதற்கு முன் தீர்க்க வேண்டிய தடைகளுள் முதன்மையான ஒன்றாக, இட்ட துளையைக் கசிவின்றி மூடுவதைக் குறிப்பிட்டது. உள்ளே நுழைவது எளிதாயிற்று; கதவை நம்பத்தகுந்தவாறு சாத்திவிட்டு வருவதுதான் எளிதாகவில்லை. இன்றைய மூடல் கருவிகள் பலவற்றின் வளர்ச்சிக்கு அந்த முயற்சியே உந்துதல் தந்தது.

ஆய்வக மேசையில் கிடைக்கும் விடை

புதிய கருவி ஒன்றின் முதற்சோதனை பெரும்பாலும் உயிரற்ற பன்றிக் குடலில் நடைபெறும். குறிப்பிட்ட அளவில் வெட்டு இடப்படும், கருவியால் மூடப்படும், பிறகு குடலின் இரு முனைகளையும் கட்டி, உள்ளே காற்றோ நிறமூட்டிய நீரோ மெல்லச் செலுத்தப்படும். நீரில் அமிழ்த்திய குடலிலிருந்து முதல் குமிழி எழும்போது உள்ளே இருந்த அழுத்தமே கசிவு அழுத்தம். அதே அளவு வெட்டைக் கையால் தைத்து, அதன் கசிவு அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். கருவி கைத்தையலுக்கு நிகராகத் தாங்கியது என்று விளம்பரத்தில் படித்தால், அது பெரும்பாலும் இச்சோதனையின் முடிவாகவே இருக்கும்.

இது தேவையான சோதனை. இதில் தோற்ற கருவி மேற்கொண்டு செல்லக் கூடாது. ஆனால் இது மூடிய அந்த நிமிடத்தின் வலிமையை மட்டுமே அளக்கிறது. உயிருள்ள குடலில் வெட்டுக் காயம் ஆறும் விதம் வேறு. முதல் மூன்று, நான்கு நாட்களில் காயத்தின் விளிம்பிலுள்ள பழைய கொலாஜன் நார்கள் கரைகின்றன. புதிய கொலாஜன் இன்னும் போதுமான அளவு உருவாகியிருப்பதில்லை. ஆகவே முதல் நாளில் உறுதியாக இருந்த காயம் மூன்றாம், நான்காம் நாளில் சற்று வலுவிழந்திருக்கும். அதன் பின்னரே வலு ஏறத் தொடங்கும். அந்த இடைவெளியில் குடலைக் காத்து நிற்பது கருவி மட்டுமே. நோயாளி வீடு திரும்பியிருப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மேசைச் சோதனையால் அந்த நாட்களைக் காண இயலாது.

அதற்காகவே உயிருள்ள விலங்குகளில் சோதனை செய்கிறார்கள். மூடிய பிறகு விலங்கை ஓரிரு வாரங்கள் வளர்த்து, பின்னர் வயிற்றறையில் சீழோ ஒட்டுதலோ உள்ளதா, காயம் முழுத் தடிமனுக்கும் ஆறியதா என்று பார்ப்பார்கள். மேசைச் சோதனையைவிட இது பல படி உயர்ந்தது. ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அவ்விலங்குகள் இளமையானவை, நலமானவை. அவற்றுக்கு நீரிழிவு இல்லை. அவை ஸ்டீராய்டு உட்கொள்வதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் சாப்பிடுவதில்லை. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதும் இல்லை. நம் மருத்துவமனைகளுக்கு வரும் அறுபது வயது நோயாளியிடம் இவற்றுள் ஒன்றேனும் இருப்பது வியப்பல்ல. கருவியை இயக்கியவரும் பெரும்பாலும் அதை நன்கு அறிந்த வல்லுநராகவே இருப்பார்.

இவற்றோடு கருவியின் உலோகமும் பூச்சும் உடல் திசுவுக்குக் கேடு செய்யாதவையா, நுண்ணுயிர் நீக்கம் முறையாக நிகழ்ந்ததா, எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப் புலத்தில் கிளிப் நகருமா, சூடாகுமா என்பனவும் சோதிக்கப்படும். உயிரிய ஒவ்வுமைக்கு ஐ.எஸ்.ஓ. 10993 என்னும் பன்னாட்டுத் தரநிலை உள்ளது. கடைசியாகச் சொன்ன எம்.ஆர்.ஐ. சோதனை தங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அதைப் பின்னர் காண்போம்.

நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது

மேசையில் வென்ற கருவி நோயாளிக்கு உண்மையில் நன்மை செய்கிறதா என்பதைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிய ஆய்வுதான் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். சிறிய கிளிப்புகளைப் பொறுத்தவரை அத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை என்பதே இங்கு மிகவும் பயனுள்ள பாடம்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, கனடா, ஸ்பெயின் மருத்துவமனைகளைச் சேர்ந்த 919 பேர் பங்கேற்றனர். அனைவருக்கும் 2 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, காம்பில்லாத பாலிப் அகற்றப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் காயம் கிளிப்புகளால் மூடப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மூடப்படவில்லை. 30 நாட்களுக்குள் கடுமையான இரத்தப்போக்கு மூடியவர்களில் 3.5 விழுக்காடு, மூடாதவர்களில் 7.1 விழுக்காடு. இத்துடன் நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் கிளிப் போடலாம் என்று தோன்றும். ஆனால் நன்மை முழுவதும் பெருங்குடலின் வலப் பகுதியில் இருந்த பாலிப்புகளில்தான் காணப்பட்டது, அங்கே 9.6 விழுக்காடு 3.3 ஆகக் குறைந்தது. இடப் பகுதியில் பயன் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு: கிளிப் பிரிவில் முழுமையாக மூட முடிந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான். கைதேர்ந்த மருத்துவர்கள் செய்தும் இந்த அளவே!

அதே ஆண்டில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து மற்றொரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதில் 1 செ.மீ. முதற்கொண்ட பாலிப்புகளும் சேர்க்கப்பட்டன. இரத்தப்போக்கு கிளிப் போட்டவர்களில் 2.3 விழுக்காடு, போடாதவர்களில் 2.9 விழுக்காடு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் 2022இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வலப் பகுதியின் பெரிய பாலிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு 231 பேரிடம் நடத்திய ஆய்வில் 10.6 விழுக்காடு 3.4 ஆகக் குறைந்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு மறைகிறது. கருவி அதேதான், காயம்தான் வேறு. வலப் பகுதியில் பெரிய காயமுள்ள ஒருவருக்குக் கிளிப் நல்ல காப்பு. சிறிய பாலிப் அகற்றப்பட்டவருக்கு அது கூடுதல் செலவாகவே முடியலாம். ஆகையால் கருவி நல்லதா என்று கேட்பதைவிட, என் காயத்துக்கு இது நல்லது என்று எந்த ஆய்வு காட்டியது என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

சுவரின் முழுத் தடிமனையும் வெட்டி எடுக்கும் முறைக்குச் சான்று வேறு வகையில் உள்ளது. இதில் வரிசை தலைகீழ்: முதலில் பெரிய கிளிப்பால் மூடிவிட்டு, அதற்கு மேலே உள்ள பகுதியை வெட்டுகிறார்கள். துளை விழுந்த பிறகு மூடுவதைவிட இது அறிவார்ந்த வழி. ஜெர்மனியின் 9 மையங்களில் 181 நோயாளிகளிடம் செய்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவசர அறுவை தேவைப்பட்டவர்கள் 2.2 விழுக்காட்டினர். ஆனால் அவ்வாய்வில் ஒப்பிடுவதற்கு வேறு பிரிவு இல்லை. வேறு முறையில் அதே நோயாளிகள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை அதைக் கொண்டு சொல்ல இயலாது. புதிய கருவிகளைப் பற்றிய செய்திகளில் தாங்கள் காணும் வெற்றி விழுக்காடுகளில் கணிசமானவை இத்தகைய ஒற்றைப் பிரிவு ஆய்வுகளிலிருந்து வருபவை.

இந்தியச் சட்டம் கேட்பது

மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 கருவிகளை ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்குரிய சட்டக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. குறைந்த ஆபத்துள்ள ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், உயர் ஆபத்துள்ள சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமக் கட்டுப்பாடு நடைமுறையாயிற்று. உள்நாட்டில் கருவி உற்பத்தியை ஊக்குவிக்கும் தேசியக் கொள்கையும் 2023இல் வெளிவந்தது. எனவே வரும் ஆண்டுகளில் இந்தியத் தயாரிப்பு மூடல் கருவிகள் சந்தைக்கு வருவதை எதிர்பார்க்கலாம். விலை குறையும் என்பதால் வரவேற்கத்தக்கதே. சோதனை குறையாதிருக்கும் வரை.

உரிமம் வழங்கும்போது சட்டம் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட அதே தன்மையுள்ள கருவி ஏதேனும் உள்ளதா என்பதை. இருந்தால், புதியது அதற்கு நிகரானது என்று காட்டுவதே பெரும்பகுதி வேலை. அமெரிக்காவிலும் இத்தகைய வழி உண்டு. அப்படி முன்னோடி இல்லாத கருவிக்கு நோயாளிகளிடம் ஆய்வு நடத்த வேண்டும். ஆனால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் ஆகியவற்றுள் ஒரு நாட்டில் அங்கீகரிக்கப்பட்டு, அங்கு இரண்டு ஆண்டுகளாவது விற்பனையில் இருந்த கருவிக்கு, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால், இந்திய நோயாளிகளிடம் தனி ஆய்வு இன்றியே இசைவு அளிக்க விதிகளில் இடமுண்டு. விற்பனைக்குப் பிந்தைய ஆய்வுக்கு நிறுவனம் உறுதியளிக்க வேண்டும். பயனுள்ள கருவி தாமதமின்றிக் கிடைக்க இவ்வழி உதவுகிறது. அதே வேளையில், அங்கீகாரம் என்ற சொல் தங்களுக்கு உள்ளதைப் போன்ற காயத்தில், தங்களைப் போன்ற நோயாளிகளிடம் பார்த்தாயிற்று என்று பொருள்படாது. சட்ட அங்கீகாரம் விற்பனைக்கான தகுதி. அது தங்களுக்கு ஏற்றதா என்பது மருத்துவர் தங்களோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஆய்வு நிலையில் உள்ள கருவியைத் தங்களிடம் பயன்படுத்த விரும்பினால், அதைத் தெளிவாகச் சொல்லித் தங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துவழி ஒப்புதல் பெறுவது கட்டாயம். நெறிமுறைக் குழுவின் இசைவும் வேண்டும். ஆய்வின் காரணமாகப் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் ஆய்வை நடத்துவோரின் பொறுப்பு. பங்கேற்க மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையைத் தங்களுக்கு மறுக்க முடியாது. அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று பதிவெண்ணைக் கேட்டு இணையத்தில் தாங்களே சரிபார்க்கலாம்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

மருத்துவரிடம் நீண்ட கேள்விப் பட்டியலுடன் செல்ல வேண்டியதில்லை. காயம் எவ்வளவு பெரிதாக இருக்கும், எந்தப் பகுதியில். அதை மூடுவது அவசியமா. இக்கருவியை இங்கே எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள். மூடல் தோற்றால் இரவு நேரத்திலும் அறுவை செய்ய இங்கே வசதி உண்டா? இவற்றைக் கேட்டால் போதும். இறுதிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். என் பார்வையில் அதுவே முதன்மையானது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது, தொடரவும் கூடாது, இதய மருத்துவரும் எண்டோஸ்கோப்பி மருத்துவரும் கலந்து சொல்வதைப் பின்பற்றுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கிளிப் போடப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறோம். அது போதாது. கருவியின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், எத்தனை கிளிப்புகள், எந்த இடம் ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். உறையில் ஒட்டியுள்ள சீட்டையே பல மருத்துவமனைகள் கோப்பில் ஒட்டித் தருகின்றன. சில மாதங்களுக்குப் பின் முதுகு வலிக்கோ தலைவலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்க நேரிட்டால் இதன் பயன் தெரியும். சில கிளிப்புகள் உடலில் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, சிலவற்றுக்குக் குறிப்பிட்ட காந்த வலிமை வரை எடுக்கலாம். சிறிய கிளிப்புகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே கழன்று மலத்தோடு வெளியேறும். தொப்பி வகைக் கிளிப் பல மாதங்களோ அதற்கு மேலோ தங்கலாம். கிளிப் மலத்தில் வந்தால் அஞ்ச வேண்டாம்.

வீடு திரும்பியபின் முதல் வாரம் கூடுதல் கவனம் தேவை. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால் அது எச்சரிக்கை. வயிறு இறுகுதல் அல்லது உப்புதல், காய்ச்சல், குளிர் நடுக்கம், தொடர் வாந்தி, நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையால் வலியை அடக்கிப் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தப்போக்கு இரண்டு வாரங்கள் வரையிலும் வரலாம். கட்டியாக இரத்தம் போதல், கருஞ்சிவப்பு அல்லது கரிய மலம், எழுந்து நின்றால் தலைசுற்றல் என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். செல்லுமிடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, குடலில் இன்ன சிகிச்சை நடந்தது என்று முதலிலேயே சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் எனிமாவோ பேதி மருந்தோ எடுக்க வேண்டாம்.

கருவி கழன்றது, மூடாமல் சிக்கியது, கசிந்தது போன்ற நிகழ்வுகளைப் பதிவு செய்ய இந்திய அரசின் மெட்டீரியோவிஜிலென்ஸ் திட்டம் 2015 முதல் செயல்பட்டு வருகிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியப் பார்மகோப்பியா ஆணையம் இதை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் பராமரிப்பவரும் தெரிவிக்கலாம். வேலை நாட்களில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கும்போது கருவியின் பெயரையும் தொகுதி எண்ணையும் கேட்பார்கள்.